ஃப்ளாப்பி முதல் பென்டிரைவ் வரை: வைரஸ் வந்த வழி

கம்ப்யூட்டர் வைரஸ் என்பது, வேறொரு நிரலுக்குள்ளோ வட்டின் தொடக்கப் பகுதியிலோ தன் பிரதியை எழுதிவைத்து, அது இயங்கும்போதெல்லாம் தானும் இயங்கி மேலும் பிரதிகளை உண்டாக்கும் சிறு நிரல். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் எந்திரம் சாத்தியமே என்பதைக் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1940களின் இறுதியிலேயே சொற்பொழிவுகளில் விளக்கிவிட்டார். பெருகுவதில் புதிர் ஏதுமில்லை. முதல் பிரதியை இயக்கிவிடுவது யார் என்பதே கேள்வி. பெரும்பாலான சமயங்களில், நம்மைக் கேட்காமலே கம்ப்யூட்டர் செய்யும் ஏதோ ஒரு வேலைதான் அதற்கு வழிவிட்டிருக்கிறது.

1971இல், இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில் உலவிய கிரீப்பர் என்னும் நிரல் வெறும் சோதனை முயற்சி. 1982இல் பதினைந்து வயது மாணவர் ரிச் ஸ்க்ரென்டா எழுதிய எல்க் குளோனர், ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் ஐம்பதாவது முறை பூட் செய்யும்போது ஒரு கவிதையைக் காட்டியது. லாகூரின் அல்வி சகோதரர்கள் 1986இல் எழுதிய பிரெயின் வைரஸைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்கள், ஸ்விட்ச் போட்டதும் உள்ளே இருக்கும் ஃப்ளாப்பி வட்டின் முதல் செக்டரை, அதாவது தொடக்கச் சிறு பகுதியை, படித்து, அதில் எது இருந்தாலும் இயக்கிவிடும். பிரெயின் அந்த இடத்தில் அமர்ந்துகொண்டு, அசல் செக்டரை வேறிடத்துக்கு மாற்றி, அந்த இடம் பழுதானது என்றும் குறித்துவைத்தது. சந்தேகப்பட்டு முதல் செக்டரைப் படித்துப் பார்த்தால், ஒளித்துவைத்த அசலையே எடுத்துக் காட்டியது. தீய நோக்கம் இருந்ததோ இல்லையோ, வேலைப்பாடு தேர்ந்தது.

பிறகு வழிகள் மாறின. 1995இல் கான்செப்ட் வைரஸ், வேர்டு கோப்பைத் திறந்ததும் தானே ஓடும் மேக்ரோ என்னும் கட்டளைத் தொகுப்பில் ஏறியது. 1999இல் மெலிசா, முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே மெயில் செய்தது. 2000ஆம் ஆண்டில் மெயிலில் வந்த ‘ஐ லவ் யூ’, கோப்பின் வகையைச் சொல்லும் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்துவிடும் வழக்கத்தால், சாதாரணக் கடிதம் போலத் தோன்றியது.

நம் பக்கத்தில் பலருக்கும் அறிமுகமானது பென்டிரைவ் வைரஸ்தான். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரியிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் ரெஸ்யூம் பிரின்ட் எடுத்துத் திரும்பியவர், பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைக் கண்டு, ஃபைல் போய்விட்டது என்று பதறுவார். உண்மையில் எதுவும் போகவில்லை. வைரஸ் அசல் ஃபோல்டர்களைக் கண்ணுக்குத் தெரியாதவையாகக் குறித்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்துடன் ஓரிரு கேபி அளவுள்ள ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் இயங்கும். அடுத்த நொடியே உண்மையான ஃபோல்டரும் திறக்கும் என்பதால் சந்தேகம் எழாது. அதன் பின் அந்தக் கம்ப்யூட்டரில் செருகப்படும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் இதே கதிதான். படத்தின் மூலையிலுள்ள சிறு அம்புக்குறிதான் அடையாளம். மறைந்த ஃபோல்டர்களை ‘அட்ரிப்’ என்னும் ஒரு வரிக் கட்டளை மீட்டுவிடும். இதற்கு முந்தைய தலைமுறை வைரஸ்களுக்கு ஷார்ட்கட்கூடத் தேவைப்படவில்லை: பென்டிரைவைத் திறக்கும்போதே அதிலுள்ள நிரலை இயக்கிவிடும் விண்டோஸின் ஆட்டோரன் வசதி போதுமானதாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 7இலும், 2011இல் பழைய பதிப்புகளிலும் அடைத்த பிறகே ஷார்ட்கட் தந்திரம் பெருகியது.

2017 மே 12இல் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை, கோப்புப் பகிர்வுக்காக விண்டோஸ் திறந்துவைத்திருந்த வழியில் ஒரு பிழையைப் பிடித்து நுழைந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

இப்போது ஜெராக்ஸ் கடைக்கே வாட்ஸ்அப்பில்தான் ஃபைல் போகிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்புகளும் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவுபவை) அதே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. இவற்றில் பல தாமாகப் பெருகுவதில்லை என்பதால், பழைய இலக்கணப்படி வைரஸ் ஆகா. ஆண்ட்ராய்டோ, வெளி ஆப்பை நிறுவலாமா என்றும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதிக்கலாமா என்றும் தனித்தனியே கேட்கிறது. இரண்டுக்கும் சம்மதித்தவரின் வங்கி ஓடிபி, அவர் பார்க்கும் முன்பே வேறொருவரிடம் போய்ச் சேருகிறது.