சிவப்பு மண்ணுக்குக் கீழே கறுப்புச் சேறு

கொழும்பில் காணி வாங்க வருகிறவர்கள் பேர்ச் என்ன விலை என்று கேட்பார்கள், அப்புறம் பஸ் வீதிக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்பார்கள். காணி கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று இத்தனை வருட நில அளவை வேலையில் என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்தில் சமவுயரக்கோடு வரைந்து புள்ளி வாங்கியவர்கள்தான் எல்லோரும்.

வத்தளைப் பக்கம் 10 பேர்ச் துண்டொன்றை அளக்கப் போயிருந்தேன். வாங்கப் போகிறவர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், ஓய்வுபெற்ற அதிபர். காணி பார்க்க அழகாகத்தான் இருந்தது: சமதரை, சுத்தமான சிவப்பு மண். நான் வெள்ளத்தைப் பற்றி வாயெடுத்ததும் ஐயா சிரித்தார்.

"தம்பி, கடல் எங்க கிடக்கு, காணி எங்க கிடக்கு? இதுக்குள்ள என்னெண்டு தண்ணி வரும்?"

எல்லைக்கல் தேடுவதற்காக என் உதவியாள் மண்வெட்டி கொண்டுவந்திருந்தான். காணியின் நடுவில் இரண்டடி வெட்டச் சொன்னேன். ஓர் அடி வரை சிவப்பு. அதற்குக் கீழே கறுப்புச் சேறு, பாதி அழுகிய வேர்கள், முகத்தைச் சுளிக்க வைக்கும் வாடை. சற்று நேரத்தில் குழியின் அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. தரகர் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

கொழும்பின் மேட்டு நிலம் இயல்பிலேயே சிவப்பு, அது கபுக்கல் மண். சதுப்பை நிரப்பக் கொட்டும் கிரவலும் சிவப்புத்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் நான் மண்ணைப் பார்ப்பதற்கு முன் பக்கத்துக் காணியைப் பார்ப்பேன். மதிலுக்கு அப்பால் ஈரத்தில் வளரும் கங்குன் கீரைப் பாத்தி இருந்தால், பழைய மதிலில் ஒரே மட்டத்தில் அழுக்குக் கோடு ஓடினால், விஷயம் விளங்கிவிடும்.

ஐயாவின் கேள்வியில் பிழை இல்லை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். விழும் மழையில் பெரும்பகுதி கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது, மலையிலிருந்து இறங்கும் ஆறு கிடையாது. அங்கே வளர்ந்தவருக்கு வெள்ளம் என்றால் ஒன்று தலைக்கு மேல் பெய்யும் மழை, இல்லையென்றால் கடல். கொழும்புக் கடலில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இந்த நகரத்துக்குப் பயம் பின்பக்கத்திலிருந்துதான் வருகிறது.

களனி கங்கை சிவனொளிபாத மலைத்தொடரில் பிறந்து 145 கிலோமீட்டர் ஓடி மட்டக்குளியில் கடலைச் சேர்கிறது. அதன் நீரேந்துப் பிரதேசம் ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாநகரமோ 37 சதுர கிலோமீட்டர். கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மலையில் மோதிக் கொட்டும் மழையெல்லாம் இந்த ஒரே வாசலால்தான் வெளியேற வேண்டும். மேலே செங்குத்தாக இறங்கும் ஆறு ஹங்வெல்லையைத் தாண்டியபின் சரிவில்லாமல் தவழ்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் பரவும் அந்த இடத்துக்குத்தான் வெள்ளச் சமவெளி என்று பெயர். கொழும்பில் வெயில் எறிக்கும்போதே வீட்டுக்குள் தண்ணீர் வருவது இப்படித்தான். 2016 மே மாதம் கொலன்னாவைப் பக்கம் பட்ட பாட்டைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆற்றோரம் வெள்ளத் தடுப்பு அணை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காணி அணைக்கு உள்ளேயா, ஆற்றுப் பக்கமா என்று முதலில் பாருங்கள். உள்ளே என்றாலும் முழு நிம்மதி இல்லை: ஆறு ஏறினால் கதவுகளை மூடுவார்கள், அப்போது நகரத்துக்குள் பெய்யும் மழை தானாக ஆற்றுக்குப் போக முடியாது. வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்களும் முகத்துவாரச் சுரங்கமும்தான் கடலுக்குப் போக மிச்ச வழி. 1992 ஜூன் 4 அன்று கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் கொட்டியது. 2010 நவம்பரில் தியவன்னா ஏரியில் இருக்கும் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது.

பழைய காணி உறுதியை எடுத்துக் காணியின் பெயரைப் படியுங்கள். இதற்குக் காசு செலவில்லை. சிங்களத்தில் கும்புர என்றால் வயல், தெனிய என்றால் இரண்டு மேடுகளுக்கு இடையிலான பள்ள வயல், வில என்றால் தண்ணீர் நிற்கும் இடம், கொட என்றால் மேடு. இன்று அங்கே மூன்று மாடி வீடு நிற்கலாம், பெயர் அப்படியே இருக்கும். வெள்ளவத்தையின் பெயரில் வெள்ளம் இருக்கிறதே என்று பயந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அது மணல் தோட்டம் என்ற அர்த்தம்தான். ஆனால் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. தண்ணீர் ஏறும் தெமட்டகொடையும் 'கொட'தான். பெயர் வைத்த காலத்தில் ஆட்கள் மேட்டில் இருந்திருப்பார்கள். துறைமுகம் வளர வளர, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் தேடியவர்களுக்கு மேடு கிடைக்கவில்லை. வாய்க்காலோரம் இறங்கினார்கள். 2012 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் 5.6 இலட்சம் பேர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15,000 பேர். நில அமைப்பு ஒரு பாடம், குடியிருப்பு இன்னொரு பாடம் என்று வகுப்பில் பிரித்துப் படித்தோம். வாய்க்கால் கரையில் இரண்டும் ஒரே பாடம்.

சதுப்புகளைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைக்கிறோம். மழைத் தண்ணீரைத் தாங்கி மெதுவாக விடுவது அவைதான். 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றதும் அவற்றால்தான். வயலை நிரப்ப வேண்டுமென்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் எழுத்து மூல அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணமாக நாங்கள் தரும் பிளானில் எல்லையும் பரப்பும்தான் இருக்கும், உயரம் இருக்காது. "லெவலும் எடுத்துத் தாங்கோ" என்று நீங்கள் கேட்க வேண்டும். காணியின் உயரம், முன் வீதியின் உயரம், பக்கத்து வடிகானின் அடிமட்டம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் தண்ணீர் எங்கேயிருந்து எங்கே போகும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஐயா அந்தக் காணியை வாங்கவில்லை. இப்போது மலைநாட்டில் மழை என்று செய்தி வந்தால் எனக்கு முன்பே நீர்ப்பாசனத் திணைக்களம் ஹங்வெல்லையிலும் கொழும்பு நாகலகம் வீதியிலும் அளக்கும் ஆற்று மட்டங்களைப் பார்த்துவிட்டு அழைக்கிறார். போன கிழமையும் அழைத்தார். "தம்பி, ஹங்வெல்லையில ஏறுது. நாகலகம் வீதிக்கு நாளைக்குத்தான் வரும், என்ன?"