அழுகைப் படமும் ஒழுகும் மூக்கும்

"சோகப் படம் பார்த்தால் கண்தானே கலங்க வேண்டும்? மூக்கு எதற்குக் கூடவே ஒழுகுகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தியேட்டர் இருட்டில் யார் அழுகிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுப்பதே அந்த மூக்குறிஞ்சும் சத்தம்தானே!

திரையில் நடப்பது நடிப்பு என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் 1979இல் வந்த 'த சாம்ப்' படத்தில், இறந்துகிடக்கும் குத்துச்சண்டை வீரரான தந்தையை மகன் எழுப்பப் பார்க்கும் காட்சி மூன்று நிமிடத்துக்குள் ஆளைக் கலங்கடித்துவிடும். 1995இல் கிராஸ், லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், ஆய்வுக்கூடத்தில் சோகத்தை வரவழைக்க ஏற்றது என்று தேர்ந்தெடுத்த காட்சிகளில் இதுவும் ஒன்று. சோகம் தாக்கியதும் மூளைத்தண்டிலிருந்து ஏழாவது மூளை நரம்பின் வழியே கட்டளை போகிறது. புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே பதுங்கியிருக்கும் கண்ணீர்ச் சுரப்பி சுரக்கிறது. இதெல்லாம் பள்ளிப் பாடம்.

என்னைச் சொக்கவைப்பது வடிகால்தான். கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. துளைக்குப் பின்னால் மெல்லிய குழல், அடுத்து கண்ணீர்ப்பை, அங்கிருந்து எலும்பினூடே இறங்கி மூக்கினுள் திறக்கும் குழாய். இதற்குப் பம்பு செட்டும் உண்டு: நம் இமைதான். இமை மூடும்போது குழல் நசுங்கிக் கண்ணீரை உள்ளே தள்ளுகிறது. திறக்கும்போது விரிந்து, அடுத்த வாய்க் கண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. நாள் முழுவதும் இது ஓசையின்றி நடக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு மருந்து சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்த வழியாகத்தான்.

சாதாரணமாகக் கண்ணில் தங்கியிருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு மருந்தில் கால் பங்குகூடத் தேறாது. அழும்போது வரத்து எகிறிவிடுகிறது. வடிகால் முடிந்தவரை மூக்குக்குள் இறக்கிவிடுகிறது, மிஞ்சியது கன்னத்தில் வழிகிறது. கன்னம் உலர்ந்திருக்க, "எனக்குச் சளி" என்று சமாளிப்பவரை இனி நம்பாதீர்கள்.

"அழுதால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. வெங்காயம் உரித்து வரும் கண்ணீரைவிடச் சோகக் கண்ணீரில் புரதம் அதிகம் என்று 1981இல் வில்லியம் ஃப்ரே என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் சொன்னதை ஊதிப் பெருக்கிய கதை இது. நச்சு வெளியேறுவதற்கு உறுதியான சான்று இல்லை. அப்படியே இருந்தாலும், மூக்கில் இறங்கிய கண்ணீரில் ஒரு பங்கைத் தொண்டை வழியாக நாமேதானே விழுங்குகிறோம்!

ஆட்களுக்குப் படம் போட்டுக் காட்டி அழவைக்க ஆராய்ச்சிப் பணமா என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் தாராளமாகக் கொடுக்கச் சொல்வேன். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தினர் 60 பேருக்கு அப்படிப் படம் காட்டி 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அழுதவர்களின் மனநிலை படம் முடிந்த கையோடு சரிந்திருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடத்தில் படம் பார்ப்பதற்கு முன்பிருந்ததையும் மிஞ்சியது. அழாதவர்களிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை.