அச்சு நடுவில் இல்லாவிட்டால்

"ஜப்பான் நிலவில் இறக்கிய கலத்தைப் படம் பிடித்தது ஒரு பொம்மைக் கம்பெனியின் உருண்டை என்கிறார்களே, உண்மையா? பொம்மைக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்மைதான். 2024 ஜனவரி 20 அன்று ஸ்லிம் என்ற ஜப்பானியக் கலம் நிலவில் இறங்கியது. தரையை நெருங்கும் நேரத்தில் அதன் இரண்டு முதன்மை எஞ்சின்களில் ஒன்று பழுதாகி, கலம் மூக்குக் குப்புற நின்றுவிட்டது. அந்தக் கோலத்தை நமக்குக் காட்டிய படத்தை எடுத்தது சோரா-க்யூ என்ற அந்த உருண்டை. குறுக்களவு சுமார் 8 செ.மீ., நிறை ஏறக்குறைய கால் கிலோ. ஜப்பானிய விண்வெளி நிறுவனமான ஜாக்சா, சோனி, தோஷிஷா பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து இதைச் செய்த நான்காவது கூட்டாளி டகாரா டோமி. காராகவும் ரோபோவாகவும் மாறுகிற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளின் தாய்வீடு இதுதான்.

பலர் அந்தப் பொம்மைகளை அமெரிக்கச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரும் கதையும்தான் அமெரிக்கா; உடம்பு முழுக்க ஜப்பான். டகாரா 1972இல் ஹென்ஷின் சைபோர்க் என்று 30 செ.மீ. உயரத்தில், உள்ளே இருக்கும் இயந்திரம் தெரிகிற கண்ணாடி போன்ற உடம்போடு ஒரு பொம்மை விற்றது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை எகிறியது. 1974இல் வந்த மைக்ரோமேன் 10 செ.மீ.தான். 1980இல் டயாக்ளோன் வரிசை வந்தபோது மனிதப் பொம்மை 3 செ.மீ.க்குச் சுருங்கி, வண்டிக்குள் உட்காரும் ஓட்டுநராகிவிட்டது. 1982இல் அந்த வண்டிகள் நிஜக் கார்களின் வடிவத்துக்கு மாறின. காரைப் பிரித்தால் ரோபோ. 1983இல் மைக்ரோ சேஞ்ச்: கேசட் பிளேயர், கைத்துப்பாக்கி, நுண்ணோக்கி என்று வீட்டுப் பொருள்கள் ரோபோக்களாயின. அதே ஆண்டு டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் இவற்றைப் பார்த்த ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க நிறுவனத்தார் உரிமம் வாங்கினார்கள். ஓட்டுநர்களைத் தூக்கிவிட்டு ரோபோக்களுக்கே உயிர் இருப்பதாகக் கதை கட்டி, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று அமெரிக்காவில் விற்றார்கள். 1985இல் டகாராவே அந்தப் பெயரை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. டகாராவும் டோமியும் ஒன்றானது 2006இல்.

வரலாறு இவ்வளவு போதும். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்.

உள்ளங்கை அளவுக் கார். அதன் பின்பகுதி கால்களாக வேண்டும், கதவுப் பக்கம் கைகளாக வேண்டும். ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. டயாக்ளோன் காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஓட்டுநர் உட்கார உள்ளே இடம் விட வேண்டும், ஆகவே பொறிமுறையை நடுவில் திணிக்க முடியாது. ஒவ்வொரு துண்டையும் 'காரில் இங்கே, ரோபோவில் அங்கே' என்று இரண்டு இடங்களில் பொருந்த வைக்கிற ஆணியை எங்கே அடிப்பது?

பத்தாம் வகுப்பு வடிவியல் இதற்குப் போதும். செவ்வகமாக ஒரு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அதை வைத்து ஓரம் வரையுங்கள். பிறகு புரட்டிப் போடாமல், வேறிடத்தில் வேறு கோணத்தில் வைத்து மறுபடியும் வரையுங்கள். ஏதாவது ஒரு மூலையின் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் கோட்டால் இணைத்து, அதன் நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு, அதாவது மையக்குத்துக்கோடு, போடுங்கள். இன்னொரு மூலைக்கும் அப்படியே. இரண்டு மையக்குத்துக்கோடுகளும் சந்திக்கிற புள்ளியில் ஊசி குத்தி, அட்டையை அந்த ஊசியோடு ஒரு சட்டத்தால் பிணைத்துச் சுற்றினால், ஒரே சுழற்சியில் அட்டை பழைய இடத்திலிருந்து புதிய இடத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும். நீங்கள் அட்டையை எங்கே வைத்திருந்தாலும் இது நடக்கும். மையக்குத்துக்கோட்டில் உள்ள எந்தப் புள்ளியும் இரண்டு முனைகளுக்கும் சம தூரம். இரண்டு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி இரண்டு மூலைகளுக்கும் வட்ட மையமாகிவிடுகிறது. மூலைகளுக்கு இடையே உள்ள தூரம் மாறவில்லை, அட்டையைப் புரட்டவும் இல்லை, ஆகவே இரண்டும் ஒரே கோணம்தான் சுற்றும். அவ்வளவுதான் நிரூபணம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புள்ளி அட்டையின் நடுவில் விழுவதே அபூர்வம். நடுவில் ஆணி அடித்தால் அட்டை நின்ற இடத்திலேயே திரும்பும். ஓரத்தில் அடித்தால் திரும்பும்போதே இடமும் மாறும். அதாவது, தள்ளி அடித்த ஒரு ஆணி இரண்டு வேலை செய்கிறது. மாறும் பொம்மைகளின் ஜாலமெல்லாம் இதுதான். சில சமயம் புள்ளி பொம்மைக்கு வெளியே, அந்தரத்தில் போய் விழும். அப்போது இரண்டு ஆணி கொண்ட சின்னக் கைச்சட்டம் ஒன்றை நடுவே நுழைக்கிறார்கள். அட்டை திரும்பாமல் நகர்ந்து மட்டும் இருந்தால் இரண்டு கோடுகளும் இணையாகிவிடும், சந்திக்கவே சந்திக்காது (இரண்டும் ஒரே கோடாகிவிட்டால் வேறு மூலையை எடுத்துப் பாருங்கள்). அதற்கு மருந்து சறுக்குத் தடம். பழைய டயாக்ளோன் கார்கள் பலவற்றில் கால்களை இழுத்து நீட்டுவது இதனால்தான். முப்பரிமாணத்தில் கணக்கு சற்றுச் சிக்கல். அங்கே சுழற்சியும் அதே அச்சில் ஒரு நழுவலும் சேர்ந்த திருகு அசைவு தேவைப்படும் என்கிறது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஷாலின் தேற்றம்.

எல்லாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையின் நாயகனான ஆப்டிமஸ் பிரைம் 1983இல் டயாக்ளோனாக வந்தபோது அதன் கை முஷ்டிகள் தனித்துண்டுகள். லாரியாக மாற்றும்போது கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். என்னைக் கேட்டால் அது ஏமாற்று வேலை.

நிலவுக்கு வருவோம். உருண்டை வடிவம் எதற்கு என்றால், அடக்கமாக இருக்கும், கலத்திலிருந்து விழுந்து உருண்டாலும் தாங்கும். விழுந்து நின்றதும் உருண்டை இரண்டாகப் பிளக்கிறது. இடப் பாதியும் வலப் பாதியும் விலகிச் சக்கரங்களாகின்றன. நடுவிலிருந்து கேமரா எழுகிறது. பின்னால் ஒரு வால் நீள்கிறது. வால் அலங்காரமில்லை. மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். வால் தரையில் ஊன்றி அதைத் தடுக்கிறது.

நிலவின் தரை மாவு போன்ற புழுதி. ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு என்பதால் இந்தக் கால் கிலோ உருண்டை அங்கே சுமார் 40 கிராம் போல்தான் தரையை அழுத்தும். அழுத்தம் குறைந்தால் பிடிமானமும் குறையும். சாதாரண வட்டச் சக்கரம் அப்படிப்பட்ட இடத்தில் வழுக்க ஆரம்பித்தால், காலடி மண்ணைப் பின்னால் வாரி எறிந்து தனக்குத் தானே குழி தோண்டும். செவ்வாயில் ஸ்பிரிட் ஊர்தி 2009இல் இப்படித்தான் மணலில் சிக்கியது, கடைசிவரை மீளவில்லை.

சோரா-க்யூவின் சக்கரங்களுக்கு அச்சு நடுவில் இல்லை, ஒதுங்கி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் நீண்ட பக்கம் மேலிருந்து இறங்கிப் புது இடத்தில் அழுந்தி, உடலைத் தூக்கி முன்னே தள்ளுகிறது. குட்டைப் பக்கம் கீழே வரும்போது உடல் தாழ்ந்து இளைப்பாறுகிறது. தோண்டிய பள்ளத்திலேயே நின்று சுழலாமல் அடி அடியாக நகர்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே கட்டத்தில், அதாவது இரண்டின் நீண்ட பக்கமும் ஒன்றாகக் கீழே வரும்படி, சுற்றினால் உடல் நேராக எழுந்து விழும். பட்டாம்பூச்சி நீச்சல் போல என்று செய்தவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் சுற்றினால் இடதும் வலதுமாக அசைந்து தவழும். மாற்ற வேண்டியது மோட்டார் சுழலும் கட்டத்தை மட்டுமே, கூடுதல் பாகம் ஒன்றுகூட வேண்டாம். அட்டையில் குத்திய அதே ஊசியின் சங்கதிதான், இங்கே மோட்டாரோடு.

எடுத்த படங்களில் நல்லதை அதுவே தேர்ந்தெடுத்து, கூட வந்த இன்னொரு குட்டி ஊர்தி வழியாகப் பூமிக்கு அனுப்பியது. டகாரா டோமியோடு ஜாக்சா கூட்டாராய்ச்சியைத் தொடங்கியது 2016இல். விண்வெளியோடு சம்பந்தமில்லாத கம்பெனிகளைத் தேடிப் பிடித்து ஆராய்ச்சியில் சேர்க்கவே அவர்கள் ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் பொம்மை செய்கிறவர் நிலவுக் கருவி செய்கிறேன் என்று போய் நின்றால், டெண்டர் படிவத்தின் முதல் பக்கத்திலேயே 'இத்துறையில் முன் அனுபவம்' என்ற கட்டம் அவரைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது என் கணிப்பு. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது பற்றியே எப்போதும் பேசுகிறோம். யாரை உள்ளே விடுகிறோம் என்பதும் அதே அளவு பேச வேண்டிய விஷயம்.

2023இல் சோரா-க்யூவின் அதே அளவு மாதிரியைக் கடைகளுக்கும் கொண்டுவந்தார்கள். அப்போது விலை 27,500 யென், நம் கணக்கில் 15,000 ரூபாயைத் தாண்டியது. அவ்வளவு வேண்டாம் என்பவர்கள் பேட்டரிக் கார் ஒன்றின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நடுவிலிருந்து தள்ளி ஓட்டை போட்ட பாட்டில் மூடிகளை மாட்டி, உலர்ந்த மணலில் விட்டுப் பார்க்கலாம். இரண்டு ஓட்டையும் ஒரே பக்கம் இருக்கும்படி ஒரு முறை, எதிரெதிராக ஒரு முறை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வட்டச் சக்கரத்தோடும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.