ட்ராம்: வண்டிக்கு முன்னே வந்த கட்டை

ட்ராம், பெயர்ச்சொல். வீதியின் மட்டத்துக்குப் பதித்த தண்டவாளத்தில் பஸ், லொறி, ஆட்டோவோடு கலந்து ஓடும் நகரப் பயணிகள் வண்டி. இலங்கையில் ட்ராம், ட்ராம் கார். தமிழ்நாட்டில் டிராம், டிராம் வண்டி. மலையகத்துப் பேச்சில் அரிதான சொல்தான். இலங்கையில் ட்ராம் ஓடியது கொழும்பில், 1899 முதல் 1960 வரை.

இந்தப் பெயர் முதலில் வண்டியைக் குறிக்கவில்லை. கீழ்ஜேர்மன், ஒல்லாந்து மொழிகளில் மரக்கட்டைக்கும் தள்ளுவண்டியின் கைப்பிடித் தண்டுக்கும் வழங்கிய சொல், ஸ்கொட்லாந்து வழியாக நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் போனது என்பதே அகராதிகளின் பொதுக் கருத்து. அங்கே அது சுரங்க வண்டிக்கும், பிறகு வண்டி உருண்ட பாதைக்கும் பெயரானது. நகரப் பயணிகள் வண்டிக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பெஞ்சமின் அவுட்ராம் என்ற பொறியியலாளரின் பெயரிலிருந்து பிறந்தது என்பார்கள், அது கதை. அவர் பிறந்தது 1764இல், சொல் அதற்கும் மூத்தது.

1807இல் வேல்ஸின் சுவான்சீ அருகே குதிரை இழுத்த வண்டி கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றியது. ஆனால் தண்டவாளம் வீதிக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் மற்ற வண்டிச் சக்கரங்கள் இடறும். 1852இல் அல்போன்ஸ் லூபா என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பள்ளத் தண்டவாளமே இதைத் தீர்த்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சக்கரம் உருளும் தலை, மறுபக்கம் மெல்லிய உதடு, நடுவே ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் அகலப் பள்ளம். சக்கரத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். மற்ற வாகனங்கள் மேலே தடங்கலில்லாமல் கடக்கும்.

வில்லங்கமும் அந்தப் பள்ளத்தில்தான். மண்ணும் சிறுகல்லும் இறுகினால் விளிம்பு மேலேறி வண்டி தடம் புரளும். அதனால் தண்டவாளத்துக்கே தனி வடிகால் வைக்க வேண்டும், அடிக்கடி சுரண்டவும் வேண்டும். ஒரு மழைக்கே மேட்டு மண் வீதிக்கு இறங்கும் நம் ஊர்களில் இதுதான் முதல் தலைவலியாக இருக்கும். சைக்கிள்காரர் சரிவாகக் கடந்தால் சக்கரம் மாட்டிக்கொள்ளும். செங்குத்தாகவே கடக்க வேண்டும்.

மலையில் ட்ராம் ஏறுமா? கண்டிக்குப் போகும் கடுகண்ணாவை ரயில் ஏற்றம் ஏறத்தாழ 45க்கு 1, அதாவது 45 அடி போனால் 1 அடி உயரும். லிஸ்பன் நகரத்துச் சிறு ட்ராம்கள் ஏறத்தாழ 7க்கு 1 ஏறுகின்றன. ரயிலில் எஞ்சின் மட்டும் இழுக்கிறது, பெட்டிகள் வெறும் சுமை. அந்த ட்ராமில் எல்லா அச்சுகளுக்கும் மோட்டார் விசை கிடைப்பதால் வண்டியின் முழு எடையும் பிடிமானமாகிறது. எஃகுமேல் எஃகு உலர்ந்திருந்தால் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் பிடிக்கும். நனைந்தால் அதில் பாதிதான். நசுங்கிய இலைச் சாறு படிந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 7க்கு 1 ஏற்றத்துக்கு மட்டும் 14 சதவீதம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ட்ராமிலும் மணல் பெட்டி இருக்கும். வழுக்கும்போது சக்கரத்துக்கு முன்னே உலர்ந்த மணலைத் தூவுவார்கள். மணல் ஈரமானால் குழாயில் கட்டி அடைத்து, தேவையான நேரத்தில் கைவிடும்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய 762 மில்லிமீற்றர் பாதை, குறுகியதாக இருந்தாலும் ரயில்பாதைதான். அகலம் குறைந்ததால் ரயில் ட்ராம் ஆகிவிடாது. ஹொங்கொங்கில் 1888 முதல் மலையேறும் 'பீக் ட்ராம்' பெயரளவில்தான் ட்ராம். அதை வடம் இழுக்கிறது. தொங்கு கம்பியில் போகும் பெட்டியையும் ஆங்கிலத்தில் ட்ராம்வே என்பதுண்டு. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்துச் சாக்கைக் கம்பியில் இறக்கும் ஏற்பாடு அந்த இனம். மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மின்சார ட்ராமை ஜேர்மன் பொறியியலாளர் வேர்னர் சீமென்ஸ் 1881இல் பெர்லின் அருகே ஓட்டினார். சென்னைக்கு 1895இல் வந்து 1953இல் போனது. பஸ்ஸும் காரும் பல நகரங்களில் ட்ராமைத் துடைத்தெறிந்தன, மெல்பேர்ன் விடவில்லை. பிரான்ஸில் நான்ட் 1985இலும் கிரனோபிள் 1987இலும் மீண்டும் தொடங்கின. பழைய ட்ராமில் படி ஏற வேண்டும். புதியதில் தரை, தண்டவாளத்திலிருந்து 35 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். சக்கர நாற்காலி மேடையிலிருந்து நேரே உள்ளே போகும். பிரான்ஸின் போர்டோ (Bordeaux) நகரம் 2003இல் நடு நகரில் மேல்கம்பியைத் தவிர்த்து, வண்டி மேலே நிற்கும் பாதைத் துண்டுக்கு மட்டும் தரையிலிருந்து மின்சாரம் கொடுத்தது. கண்டி தலதா மாளிகை முன்னால் கம்பியா என்று கேட்பவருக்கு இது பதில்தான். ஆனால் ஆரம்பத்தில் தேங்கிய மழைநீரே அங்கு கோளாறு கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனித் தமிழ்ச் சொல். மெய்யெழுத்தோ டகரமோ மொழிக்கு முதலில் வராது என்ற இலக்கணப்படி 'திராம்' என்பார் உண்டு. இணையத்தில் 'அமிழ் தண்டூர்தி' வழங்குகிறது: அமிழ்ந்த தண்டில் ஊரும் வண்டி. வீதியில் அமிழ்ந்த தண்டவாளம் என்ற அடையாளத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பழைய மூலச் சொல்லும் கட்டைதான், தண்டுதான். ஆனால் நிறுத்தத்தில் நிற்பவர் வாயில் இது நுழையாது. 'இலகு ரயில்' என்பது மாற்றுச் சொல்லே அல்ல. 2020இல் கைவிடப்பட்ட கொழும்பு–மாலபே இலகு ரயில் திட்டம் வீதியில் அல்ல, தூண்களின்மேல் ஓடவிருந்தது. எமது பரிந்துரை: பேச்சிலும் செய்தியிலும் ட்ராம், பாதைக்கு ட்ராம் பாதை, தண்டவாளத்துக்குப் பள்ளத் தண்டவாளம். அமிழ் தண்டூர்தியைக் கலைச்சொல் பட்டியலில் வைக்கலாம். கம்பியில் தொங்குவதற்குக் கம்பிவட ஊர்தி. அங்கே ட்ராம் என்று எழுதுவது பிழை.