காமிக்ஸ் படம் என்றாலே குழந்தைகள் படம் இல்லை

நர்ஸ் பிளாஸ்டர் ரோலை இழுத்தார். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதுவரை மேசையில் அமைதியாக உட்கார்ந்து முழங்கால் சிராய்ப்பைக் காட்டிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பையன் ஒரே தாவாகத் தாவி அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். உடம்பெல்லாம் நடுக்கம். ஊசி என்று நினைத்துவிட்டான் போல என்றார் நர்ஸ். மருத்துவராக நான் ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அவர்கள் கண் நம் கையை விட்டு நகராது. இவன் எதையும் பார்க்கவில்லை. காதைத்தான் பொத்திக்கொண்டான்.

விசாரித்தேன். மூன்று வாரமாக விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து அழுகிறானாம். பாத்ரூமுக்குத் தனியாகப் போவதில்லை. எப்போதோ நின்றுபோன, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. பாட்டி திருநீறு மந்திரித்துப் போட்டிருக்கிறார். அப்புறம் பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. (தூக்கத்தில் பல்லைக் கடித்தாலும் பூச்சி, புரண்டாலும் பூச்சி. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) வீட்டுக்கு பார்சல் வந்து, அதன் டேப்பை உரித்தால் ஓடி ஒளிந்துகொள்கிறான் என்று அம்மா சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஏதாவது படம் பார்த்தானா என்று கேட்டேன்.

"பேட்மேன் படம் சார், டிவியில போட்டுவிட்டேன். சூப்பர் ஹீரோதானே, சின்னப் பசங்க பார்க்கிறதுதானே?" என்றார் அப்பா.

இந்தக் கோடை விடுமுறையில் இதே பதிலோடு என் அறைக்கு வந்த நான்காவது குடும்பம் இது. இனியும் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று இரவே அந்தப் படத்தைப் பார்த்தேன். மாட் ரீவ்ஸ் இயக்கத்தில் ராபர்ட் பாட்டின்சன் நடித்து 2022 மார்ச்சில் வெளிவந்த 'தி பேட்மேன்'. 176 நிமிடம். நல்ல படம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் படத்தைத் திட்டப்போகிறேன் என்று நினைத்துப் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அது பறந்து பறந்து அடிக்கிற படமே இல்லை, ஒரு துப்பறியும் கதை. ரிட்லர் என்கிற கொலைகாரன் ஒவ்வொரு பிணத்தோடும் ஒரு புதிர் விட்டுச் செல்கிறான். மழை விடாமல் பெய்கிறது. கிரெய்க் ஃபிரேசரின் ஒளிப்பதிவில் முக்கால்வாசி திரை இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து பூட்ஸ் சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். மைக்கேல் ஜியாக்கினோவின் இசையும் அந்தக் காலடியைப் போலவே அழுத்தி அழுத்தி நடக்கிறது. முந்தைய பேட்மேன் படங்களில் பார்த்துச் சலித்த, நாயகனின் பெற்றோர் சுடப்படும் காட்சியை இன்னொரு தடவை காட்டாமல் விட்டதே பெரிய நிம்மதி.

இப்போது படத்தின் ஆரம்பக் காட்சிக்கு வருகிறேன். யாரோ தொலைநோக்கியில் ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். உள்ளே ஒரு சிறுவன் வேஷம் போட்டுக்கொண்டு அப்பாவோடு கத்திச் சண்டை விளையாடுகிறான். அப்பா அந்த ஊர் மேயர். கொஞ்ச நேரத்தில் அதே வீட்டில் மேயர் தனியாக டிவி முன்னால் நிற்க, பின்னால் இருட்டில் முகமூடி போட்டவன் நிற்கிறான். அடிக்கிறான். பிறகு டேப்பை இழுக்கிறான். அந்தச் சத்தம் நம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. பெரிதாக ரத்தம் எதையும் காட்டுவதில்லை. சத்தமும் மூச்சும்தான். சினிமாவாகப் பார்த்தால் அபாரமான காட்சி. ஆனால் ஆறு வயதுக் குழந்தை என்ன பார்க்கும்? தன்னைப் போல ஒரு பையன், தன் அப்பாவைப் போல ஒரு அப்பா, தன் வீட்டைப் போல ஒரு வீடு. அப்புறம் அந்த டேப். அந்த டேப் நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

"ரத்தம் இல்லையே சார்" என்று அந்த அப்பா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் குழந்தையைத் துரத்துவது ரத்தம் மட்டும் இல்லை. காட்டாமல் விட்டதைக் குழந்தை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அது இயக்குநர் காட்டியிருக்கக்கூடியதை விட மோசமாகவே இருக்கும்.

படத்துக்கு இது நன்றாகத் தெரியும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அப்பாவின் உடலைக் கண்டுபிடித்தது அந்தச் சிறுவன்தான் என்று வசனத்தில் வருகிறது, காட்சியாக வருவதில்லை. பேட்மேன் அவனைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்று பார்க்கிறான். பேசுவதே இல்லை. இறுதிச் சடங்கில் கார் ஒன்று பாய்ந்து வரும்போது அவனை இழுத்துக் காப்பாற்றுகிறான். கடைசியில் வெள்ளத்தில் மாட்டியவர்கள் நடுவே பேட்மேன் கையை நீட்ட, முதலில் பிடிப்பது அந்தச் சிறுவனின் கைதான். இந்தப் படத்தின் பலமே இந்தப் பையன் என்பேன். பயங்கரத்தைப் பார்த்த குழந்தைக்கு என்ன ஆகும் என்று மூன்று மணி நேரம் கவலைப்படுகிற ஒரு படத்தை, குழந்தையை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிறோம்.

குறைகளும் உண்டு. மூன்று மணி நேரத்துக்குக் கதையில் அவ்வளவு சரக்கு இல்லை. பகல் வெளிச்சத்தில் வீட்டு டிவியில் பார்த்தால் பாதி தெரியாது. பேட்மேனின் நிஜப் பெயர் புரூஸ் வெய்ன். முகமூடி இல்லாத புரூஸ் வெய்ன் முகமூடி போட்ட பேட்மேனைப் போலவே முறைத்துக்கொண்டிருக்கிறார், இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டாமா? என்னை மிகவும் உறுத்தியது அந்த வெள்ளம். கடல் தடுப்புச் சுவரை வெடி வைத்துத் தகர்க்க, நகரமே மூழ்குகிறது. ஆனால் கேமரா பெரும்பாலும் ஒரு அரங்கத்துக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் நாம் கருங்கல் கொட்டிய கரைக்குப் பின்னால் வாழ்கிறவர்கள். 2011 'தானே' புயலையும் 2024 ஃபெஞ்சல் மழையையும் பார்த்தவர்கள். கிருஷ்ணா நகரில் படகில் ஆட்களை ஏற்றியபோது பீரோவையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் விட்டுவிட்டு இறங்கியவர்களைக் கேளுங்கள், வெள்ளம் என்றால் என்ன என்று. அதுவரை ஒவ்வொரு சத்தத்தையும் பொறுமையாகக் கேட்கவைத்த படம் அந்த இடத்தில் அவசரப்படுகிறது.

சரி, மறுபடியும் அந்த 'சின்னப் பசங்க படம்' விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் தலைமுறை அப்பாக்களுக்கு காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி என்ற சாகச நாயகன். 1972-ல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ் இதழ் அவரோடுதான் தொடங்கியது. நானும் கடலூர் திருப்பாப்புலியூரில் வாடகைக்கு எடுத்து, போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவன்தான். அந்த ருசி மனதில் இருப்பதால், காமிக்ஸிலிருந்து வந்த எதையும் நம்பிக் குழந்தை கையில் கொடுத்துவிடுகிறோம். பேட்மேனும் அப்படித்தான் ஆரம்பித்தான், 1939-ல் பத்து சென்ட் புத்தகத்தில். சிறுவர்களுக்குப் பிடிக்கட்டும் என்று அடுத்த வருடமே ராபின் என்கிற பொடியனைக் கூடச் சேர்த்தார்கள். 1954-ல் அமெரிக்கப் பதிப்பாளர்களே ஒரு கட்டுப்பாட்டு விதியைப் போட்டுக்கொண்டு கொடூரங்களைக் குறைத்தார்கள். ஆனால் படித்த பையன்கள் வளர்ந்தார்கள், கதையும் அவர்களோடு வளர்ந்தது. 1986-ல் ஃபிராங்க் மில்லர் வரைந்த பேட்மேனுக்கு வயது 55. கசப்பேறிய மனிதன். அதைப் பத்து வயதுப் பையனுக்காக எழுதவில்லை. உங்கள் பிள்ளையின் டிபன் பாக்ஸில் ஒட்டியிருக்கும் பேட்மேன் வௌவாலும் இந்தப் படத்தின் வௌவாலும் ஒரே முத்திரைதான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் அப்படித்தான் ஒரு புத்தகமே எழுதினார். அவர் தன் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று பல வருடம் கழித்து அவருடைய காகிதங்களைப் படித்த ஆய்வாளர் காட்டினார். அந்தத் தப்பை நான் செய்ய விரும்பவில்லை. படிக்கட்டும், பார்க்கட்டும். எந்த வயதில் எது என்பதுதான் கேள்வி.

படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். ஐந்து நொடி வேலை. யு/ஏ என்றால் 'எல்லோரும் பார்க்கலாம்' என்று அர்த்தம் இல்லை. 2024-க்குப் பிறகு வரும் படங்களுக்கு யுஏ 7+, 13+, 16+ என்று எண்ணே போட்டுவிடுகிறார்கள். அந்த எண் தியேட்டர் வாசலில் யாரையும் தடுக்காது. பெற்றோருக்கென்றே போடுவது, நீங்கள்தான் படிக்க வேண்டும். முதல் அரைமணி நேரத்தை நீங்கள் மட்டும் பாருங்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து ஹாலில் சத்தமாகப் போடாதீர்கள், தூங்கியிருக்க மாட்டார்கள். படம் ஓடும்போது குழந்தை காதைப் பொத்தினாலோ, உங்கள் மடிக்கு நகர்ந்தாலோ உடனே நிறுத்துங்கள். "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்ற வார்த்தை தயவுசெய்து வேண்டாம்.

ஏற்கெனவே பயந்துவிட்ட குழந்தையிடம் "அது நடிப்புடா" என்று விளக்குவது ஏழெட்டு வயதுக்குக் கீழே அவ்வளவாக எடுபடாது. தண்ணீர் கொடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் போட்டு வையுங்கள். படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். பாட்டி திருநீறு பூசினால் பூசட்டும், அந்தக் கை பட்டால் குழந்தைக்கு ஆறுதல்தான். ஆனால் இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் வாருங்கள், என்ன படம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.

அந்தப் பையனிடம் ஒரு சின்ன பிளாஸ்டர் ரோலைக் கொடுத்தனுப்பினேன். அவனே இழுக்கட்டும், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும். போன வாரம் அம்மாவோடு வந்தான். பொம்மைக் காரின் உடைந்த கதவை அவனே ஒட்டியிருந்தான். நர்ஸ் ரோலை எடுத்தபோது தோள் மட்டும் லேசாக உயர்ந்தது, இடத்தை விட்டு நகரவில்லை. இரவில் விளக்கை அணைக்க இன்னும் விடுவதில்லையாம்.