தொலைவழிக் கண் மருத்துவம்: இதுக்குள்ள "நோக்கு" எங்கால வந்தது?

போனில கண்ணைப் படம் பிடிச்சு, தூரத்தில இருக்கிற கண் வைத்தியருக்கு அனுப்பி, அவர் பாத்துச் சொல்லுற முறைக்கு "தொலைநோக்குக் கண் மருத்துவம்" எண்டு எழுதுற பழக்கம் ஒண்டு பரவுது. துண்டுப்பிரசுரத்தில கண்டன், பேந்து ரேடியோவில கேட்டன், இப்ப படிச்ச ஆக்களே அப்பிடிக் கதைக்கினம். இது பிழை.

மூலம் லேசானது. ஆங்கிலத்தில டெலிஒஃப்தல்மொலஜி. கிரேக்கத்தில டெலி எண்டா தொலைவு, ஒஃப்தல்மொஸ் எண்டா கண். டெலிபோன் தொலைபேசி ஆன மாதிரி டெலிக்குத் தொலை போடுறது சரிதான். எங்களுக்கு அது புதுச்சொல்லும் இல்ல, வெளிக்கிடுறவரிட்ட "எங்க போறியள்" எண்டு கேக்காமல் "துலைக்கோ" எண்டு கேக்கிற ஊர் இது, அந்தத் துலைதான் இந்தத் தொலை.

டெலஸ்கோப்புக்குத் தொலைநோக்கி எண்டு இருக்கிறதைப் பாத்து, கண் விசயந்தானே நோக்கும் சேரட்டும் எண்டு ஆரோ ஒட்டியிருக்கினம் எண்டுதான் நினைக்கிறன். ஆனா தொலைநோக்கு எண்டா வரப்போறதை முன்னுக்கே யோசிக்கிறது, தொலைநோக்குள்ள தலைவர் எண்டு சொல்லுறம், அதுக்கும் படம் அனுப்புறதுக்கும் என்ன தொடர்பு? வேற சிலர் "தூரப்பார்வை மருத்துவம்" எண்டினம், அது இன்னும் மோசம், ஏனெண்டா தூரப்பார்வை ஏற்கெனவே ஒரு கண் குறைபாட்டின்ர பேர், கிட்ட உள்ளது தெளிவாத் தெரியாத குறைபாடு. நெடுந்தீவில சலரோகம் உள்ள ஒரு அம்மா, கண் காட்ட குறிகட்டுவானுக்குப் படகேறி அங்கால பஸ் பிடிக்க வேண்டியவ, "எனக்குத் தூரப்பார்வை இல்லையே" எண்டு நோட்டீசை மடிச்சு வைச்சிடுவா. சலரோகத்தால விழித்திரை பழுதாகேக்க தொடக்கத்தில நோவும் இருக்காது, பார்வையும் குறையாது, உள்ளுக்குப் பாத்தாத்தான் பிடிக்கலாம். ஆருக்கெண்டு இந்த முறை வந்ததோ அவவையே ஒரு சொல் மறிச்சுப்போடும்.

"தொலைக்கண் மருத்துவம்" பரவாயில்ல, ஆனா தொலை போய் கண்ணோட ஒட்டுது. நோயாளியின்ர கண் அவரோடதானே இருக்கு, தூரத்தில இருக்கிறது வைத்தியர். அதோட தொலைஞ்ச கண் எண்டும் காதில விழும், கண் வருத்தக்காரருக்குச் சொல்லுற சொல்லே அது? அதாலதான் தொலைவழிக் கண் மருத்துவம் எண்டு நான் சொல்லுறன். இணையவழி எண்டு எல்லாரும் சொல்லுறம்தானே, வழி எண்டது வைத்தியம் நடக்கிற விதத்தைக் காட்டும், கண் மருத்துவம் கண் மருத்துவமாவே இருக்கும்.

மற்றது இந்த விம்பம். "கண் விம்பங்களைப் பகிர்தல்" எண்டு எழுதினம். கண்ணுக்குத் துளிமருந்து விட்டுக் கண்மணியை விரிச்சு, 20 டயொப்டர் வலுவுள்ள வில்லை ஒண்டைக் கண்ணுக்கு முன்னால பிடிச்சு, போன் லைற்றைப் போட்டா விழித்திரையின்ர தலைகீழ் விம்பம் வில்லைக்கும் போனுக்கும் இடையில உருவாகும், கமரா அதைத்தான் படமாக்குது. விம்பம் வேற படம் வேற, ரெண்டும் ஒரே வேலையில வருது, ரெண்டையும் ஒரு சொல்லால சொன்னா படிக்கிற பிள்ளை எதைப் பிடிக்கும்? வைத்தியருக்குப் போறது விழித்திரைப் படம். அதையும் "பகிர்தல்" எண்டாதேங்கோ, பேஸ்புக்கில போடுறது பகிர்தல், நோயாளியின்ர சம்மதத்தோட ஒரு வைத்தியருக்குப் போறது அனுப்புதல்.

1847இல இஞ்ச யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில இருந்து தமிழிலயே மேலைத்தேய வைத்தியம் படிப்பிச்சவர், அதுக்கெண்டு கலைச்சொல்லும் ஆக்கினவர். அவரின்ர கண்ணுக்கு முன்னால அந்தச் சொல்லை வைச்சு வேலை செய்யவேண்டிய மாணவர் இருந்தவை. இப்ப மொழிபெயர்க்கிற கனபேர் ஆங்கில வரியை மட்டும் பாத்துச் சொல்லுக்குச் சொல் மாத்தி விடுகினம், ஒருக்கா ஒரு கண் கிளினிக்கில போய் இருந்து படமெடுக்கிறதைப் பாத்தா இந்தப் பிழையில பாதி வராது.

நோட்டீஸ் அடிக்கிறவை தலைப்பில தொலைவழிக் கண் மருத்துவம் எண்டு போட்டு, அதுக்குக் கீழ "உங்கட கண்ணைப் போனில படமெடுத்துத் தூரத்தில இருக்கிற கண் வைத்தியருக்கு அனுப்பிக் காட்டுவம்" எண்டு ஒரு வரி எழுதினாக் காணும்.