குளிர்காலத்தில் எதைக் குடிப்பது? சீன மருத்துவம் முதலில் கேட்பது வேறு

நவம்பர் தொடங்கிவிட்டால் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள என் சீன மருத்துவச் சிகிச்சை அறைக்கு வருகிறவர்கள் பலரும் கையில் ஒரு பையோடுதான் வருவார்கள். சீனக் கடையில் வாங்கிய ஜின்செங் பெட்டி, கோஜிப் பழம், பெயர் தெரியாத வேர்த்துண்டுகள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குறிப்பு, எல்லாம் அதற்குள் இருக்கும். போன வருடம் எழுபது வயது தாண்டிய ஒரு அன்ரி பையை அப்படியே மேசையில் கவிழ்த்தார்.

"பிள்ளை, குளிர் தொடங்கிட்டுது. இதுக்குள்ள எதைக் குடிச்சா நல்லது?"

"அதைப் பிறகு பார்ப்போம். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறனீங்கள், அன்ரி?"

"பன்னிரண்டு, ஒண்டு ஆகும். நாடகம் முடிய வேணுமே."

நான் பையைத் திரும்பக் கட்டி வைத்தேன். அவருக்கு ஏமாற்றம், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சீன மருத்துவம் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லும் முதல் சொல் மூலிகை அல்ல, தூக்கம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலான ஹுவாங்டி நெய்ஜிங் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. அதில் நான்கு பருவங்களில் எப்படி வாழ்வது என்று ஒரு சிறிய அத்தியாயம் இருக்கிறது. குளிர்காலத்தின் மூன்று மாதங்களை அது மூடிச் சேர்த்து வைக்கும் காலம் என்கிறது. நீர் உறைகிறது, நிலம் வெடிக்கிறது. உள்ளே இருக்கும் சூட்டைக் கலைக்காதே. சீக்கிரம் படு, பிந்தி எழு, வெயில் வரும்வரை காத்திரு. குளிரை விட்டு விலகு, ஆனால் தோல் வழியே வியர்வையாகக் கசியவும் விடாதே. மனதுக்கும் ஒரு வரி இருக்கிறது: ரகசியம் ஒன்றைப் பொத்தி வைத்திருப்பவனைப் போல, விரும்பியது ஏற்கெனவே கிடைத்துவிட்டவனைப் போல இரு. குளிர்காலம் பற்றிய அந்தப் பகுதியில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை.

அந்த உள்சூட்டை அவர்கள் யாங் என்பார்கள். எனக்கு இதை விளங்க வைத்தது என் அம்மம்மாவின் அடுப்புத்தான். இரவு சமையல் முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார். விடிய எழுந்து சாம்பலை விலக்கி ஊதினால் நெருப்பு வந்துவிடும். நீறு பூத்த நெருப்பு. இரவு முழுக்கக் கிண்டிக்கொண்டே இருந்தால் விடிய வெறும் சாம்பல்தான். குளிர்காலத்தில் உடம்பையும் அப்படித்தான் சீன மருத்துவம் பார்க்கிறது. மூன்று மாதம் கிண்டிக்கொண்டே இருந்தால் வசந்தத்தில் கை கால் சோர்ந்து போகும் என்று அதே அத்தியாயம் எச்சரிக்கிறது.

இங்கே இரவு வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவரிடம் வெயில் வரும்வரை படுத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? டிசம்பர் கடைசியில் ரொறொன்ரோவில் சூரியன் வர ஏழே முக்கால் மணி ஆகிவிடும். அதனால் நான் இரண்டு விஷயம்தான் கேட்கிறேன். இப்போது படுக்கும் நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னதாகப் படுங்கள். ஓய்வுபெற்றவர்கள் இருட்டில் நடக்கப் போகாமல், பத்து மணிக்கு மேல் வெயில் வந்த பிறகு நடவுங்கள். குளிர்காற்று பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். விடிய எழுந்தவுடன் பலருக்கு அது ஏற்கெனவே ஏறும் நேரம். பழைய நூலின் சொல்லும் இன்றைய இதய மருத்துவரின் சொல்லும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன. பனி அள்ளுவதும் அப்படித்தான். சூடான படுக்கையிலிருந்து எழுந்து நேரே போய் ஈரப் பனியை மண்வெட்டியால் தூக்கி எறிவதைவிட இதயத்துக்குக் கடினமான வேலை குறைவு. நெஞ்சு இறுகினால், இடது கை உளைந்தால், என்னிடம் வரவேண்டாம், 911ஐ அழையுங்கள்.

வியர்வை பற்றிய வரியைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். வியர்த்தால் நல்லது, நஞ்செல்லாம் வெளியேறும் என்று பழகிவிட்டோம். ஜிம்மில் சட்டை நனைய வியர்த்து, அதே சட்டையோடு மைனஸ் பத்தில் கார் நிறுத்துமிடம் வரை நடக்கிற இளம் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கும். உடற்பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பு சூடாகி, நெற்றி லேசாகப் பனிக்கும்போது நிறுத்துங்கள், உடுப்பை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். வீட்டிலேயே செய்ய ஏற்றது பாதுவான்ஜின் என்ற எட்டுப் பயிற்சிகளின் தொகுப்பு. அதன் ஆறாவது அசைவில் முன்னே குனிந்து இரண்டு கைகளாலும் பாதத்தைப் பிடிப்போம். நாரியை, அதாவது கீழ் முதுகை, பலப்படுத்த என்றே அதைச் சொல்வார்கள். முழுதாகக் குனிய முடியாவிட்டால் முழங்கால் வரை போதும்.

நம் ஆட்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை விடிய முழுகிவிட்டு, தலை ஈரத்தோடு கோயிலுக்குக் கிளம்பாதீர்கள். கழுத்தின் பின்புறத்தைக் காற்றும் குளிரும் நுழையும் வாசல் என்றே சீன மருத்துவம் சொல்கிறது. அந்த இடத்தில் இருக்கும் அக்குபங்சர் புள்ளிகளின் பெயர்களிலேயே காற்று என்ற சொல் இருக்கிறது. முந்தின நாள் மாலை முழுகுங்கள், தலையை நன்றாக உலர்த்துங்கள், கழுத்தில் ஒரு சால்வை போடுங்கள்.

அடுத்தது கால். குளிர் காலிலிருந்து தொடங்குகிறது என்பது சீன வீடுகளில் எல்லோரும் சொல்வது. படுக்கப் போகுமுன் ஒரு வாளியில் சுடுதண்ணீர் விட்டு, இரண்டு துண்டு இஞ்சி போட்டு, கால்களை வைத்துக்கொண்டு இருப்பார்கள். ஷாங்காயில் பயிற்சிக்காக நான் தங்கியிருந்த குளிர்காலத்தில் வீட்டுக்காரப் பாட்டி எனக்கும் ஒரு வாளி வாங்கித் தந்தார். ஷாங்காயில் குளிர் வீட்டுக்குள்ளேதான். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கேதான் நகரம் முழுவதற்கும் குழாய் வழியே வெப்பம் கொடுக்கிறார்கள். பீஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. தெற்கே அது இல்லை. ஈரக் குளிர் சுவரிலிருந்து எலும்புக்குள் இறங்கும். அந்த வாளித் தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

ஆனால் இதே வாளிதான் என் அறையில் நான் பார்த்த மோசமான காயத்துக்கும் காரணம். சீனி வருத்தம் இருபது வருடமாக உள்ள ஒரு ஐயா, காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காலை வைத்திருந்தார். காலில் உணர்ச்சி இல்லாததால் சுட்டது தெரியவில்லை. மறுநாள் மகள் காலுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. என்னிடம் அவர் வந்தது இடுப்பு வலிக்கு. காலைப் பார்த்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு அனுப்பினேன். புண் ஆற மாதங்கள் ஆயின. ஆகவே தயவுசெய்து கேளுங்கள்: காலில் மரமரப்போ, உணர்ச்சிக் குறைவோ, புண்ணோ இருந்தால் வாளி வேண்டாம், கம்பளிக் காலுறை போதும். மற்றவர்களுக்கும் 40 பாகை, வெப்பமானியால் பார்த்து, 15 நிமிடம். வியர்த்து ஊற்றும்வரை இருக்கக் கூடாது.

மொக்சாவுக்கும் இதே எச்சரிக்கைதான். நம் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்து, பஞ்சாக்கிச் சுருட்டி, கொளுத்தி, தோலுக்குச் சற்று மேலே பிடிக்கும் சிகிச்சை அது. ஹுபெய் மாநிலத்தின் சீசுன் ஊர் இலைக்கு மதிப்பு அதிகம். சில வருடம் பழசான இலை என்றால் இன்னும் மதிப்பு. நாரியில் குளிர் பிடித்த வயதானவர்களுக்குக் குளிர்காலத்தில் இது சுகம் தருவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஆனால் பயிற்சி உள்ளவர் கையால் செய்யுங்கள், யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வீட்டில் விரலே போதும்: முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் இறங்கி, எலும்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளினால் சூசான்லி என்ற புள்ளி. இரண்டு காலிலும் இரண்டு இரண்டு நிமிடம் அழுத்துங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதிவைத்த ஒரு சூப் இன்றும் குளிர்காலத்தில் காய்ச்சப்படுகிறது. டாங் குவெய் என்ற வேர், இஞ்சி, ஆட்டிறைச்சி, மூன்றே பொருள். குளிரால் வரும் வயிற்று வலிக்கும், பிள்ளை பெற்ற பெண்ணின் வயிற்று வலிக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறார். முதல் முறை படித்தபோது எனக்கு நம் சரக்குக்கறிதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பைச் சூடாக்கும் சரக்குகளை அரைத்துக் கொடுக்கும் அதே அக்கறை. வீட்டில் செய்வதானால் அரைக் கிலோ இறைச்சிக்கு 10 கிராம் வேர், ஒரு பெரிய துண்டு இஞ்சி. வாரம் ஒரு முறை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. டாங் குவெய் அந்தக் குளிசையின் வேலையைக் கூட்டிவிடும், இரத்தம் கசியும்.

இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கனடாவில் நம் வீடுகள் ஷாங்காய் வீடுகளைப் போல அல்ல, பீஜிங் வீடுகளைப் போல. வெளியே உறைகிறது, உள்ளே ஹீட்டர் காற்று தொண்டையை வறட்டுகிறது. இந்த வறட்சிக்குள் தினமும் ஆட்டிறைச்சி, மிளகு, ஜின்செங் என்று ஏற்றினால் ஒரு கிழமையில் வாய்ப்புண், மலச்சிக்கல், மூக்கில் இரத்தம். உடம்பில் நெருப்பு ஏறிவிட்டது என்று சீனர்கள் சொல்வது இதைத்தான். அதனால்தான் அவர்களிடம் ஒரு பழமொழி: குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, வைத்தியர் மருந்து எழுத வேண்டாம். கேட்டால் தலைகீழாகத் தெரியும். குளிர்காலத்தில் கனமான சாப்பாடு கூடும், அசைவு குறையும், வயிறு அடைபடும். முள்ளங்கி அதை இறக்கிவிடும். இறைச்சிச் சூப் வைக்கும் நாளில் வெள்ளை முள்ளங்கியையும் அதோடு அவியுங்கள். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குக் கறுப்பு எள்ளு, தோலோடு உளுந்து, வால்நட், அவித்த பேரிக்காய். குளிர்காலத்துக்கு உரிய நிறம் கறுப்பு என்பது சீன மருத்துவக் கணக்கு. எள்ளுருண்டை நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

ஷாங்காயில் குளிர்காலம் என்றால் காவோஃபாங். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருபது, முப்பது மூலிகைகள் எழுதி, கஷாயம் காய்ச்சி, வடித்து, வெல்லம்போலச் சர்க்கரை சேர்த்து, லேகியமாகக் கிண்டி எடுப்பார்கள். பதம் பார்ப்பதை நாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். துடுப்பைத் தூக்கினால் லேகியம் சொட்டாமல் கொடிபோல அகலமாகத் தொங்க வேண்டும். தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் முத்தாக நிற்க வேண்டும். ஆனால் என் மனதில் நின்றது அதற்கு முந்தின காட்சி. வரிசையில் வந்த பலரின் நாக்கைப் பார்த்துவிட்டு மூத்த வைத்தியர் லேகியம் தர மறுத்துவிட்டார். நாக்கில் தடித்த படிவு, வயிறு மந்தம். முதலில் இரண்டு கிழமை வயிற்றைச் சுத்தப்படுத்தும் எளிய கஷாயம், வழி திறந்த பிறகுதான் லேகியம். பலவீனமானவன் பலத்தையும் தாங்கமாட்டான் என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு. இணையத்தில் ஒரே டப்பாவை எல்லோருக்கும் விற்பது இந்த மருத்துவத்தின் முறையே அல்ல.

அந்த லேகியத்தில் இறுகுவதற்குக் கழுதைத் தோல் பசை சேர்ப்பது வழக்கம். அதற்காக ஆபிரிக்காவில் கழுதைகள் கொல்லப்பட்டு, கழுதையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தவித்தன. 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குத் தடை விதித்தது. நான் அந்தப் பசையை யாருக்கும் எழுதுவதில்லை.

இனி நான் மிகவும் பயப்படும் விஷயம். குளிர்காலம் சிறுநீரகத்தின் காலம், அதை வளர்க்க வேண்டும் என்று சீன மருத்துவக் குறிப்புகளில் படிப்பீர்கள். அங்கே சொல்லப்படுவது ஷென். பிறவியில் வந்த உயிர்ச்சக்தி, எலும்பு, காது, தலைமயிர், நாரி, பயம், எல்லாம் சேர்ந்த ஒரு கருத்து அது. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடிவிட்டது என்று டொக்டர் சொல்லும் உறுப்பு அல்ல. இந்த ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பத்தால், உண்மையிலேயே சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் சிறுநீரகத்துக்கு நல்லது என்று மூலிகை வாங்கிக் குடிக்கிறார்கள். சில மூலிகைகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த குளிசையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொன்று கலந்துவிட, நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது. பெரும்பாலும் பெண்கள். உங்களுக்குச் சிறுநீரக வருத்தம் இருந்தால் படிவம் நிரப்பும்போதே எழுதிவிடுங்கள். நான் மூலிகை தரமாட்டேன், அக்குபங்சர் ஊசியும் மொக்சாச் சூடும்தான்.

சீனாவிலேயே யூனான் பகுதியில் குளிர்காலத்தில் வச்சநாபி என்ற நச்சுச்செடி இனத்தின் வேர்களை இறைச்சியோடு பல மணித்தியாலம் அவித்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. அவிப்பு குறைந்தால் அது இதயத்தை நிறுத்திவிடும். அப்படி இறந்தவர்கள் உண்டு. பதப்படுத்தாத வேரை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், எப்போதும் குளிர்கிறது, மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும் அறையிலும் எனக்கு மட்டும் நடுக்கம் என்றால், யாங் குறைவு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். முதலில் குடும்ப மருத்துவரிடம் தைரொயிட்டும் இரும்புச் சத்தும் பாருங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்.

அந்த அன்ரிக்கு நான் மூலிகை எதுவும் கொடுக்கவில்லை. ஒரு தாள் கொடுத்தேன். வட சீனாவில், டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி, பகல் மிகக் குறுகிய நாளிலிருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக ஒன்பது முறை எண்ணுவார்கள். மொத்தம் 81 நாள். மூன்றாவது ஒன்பதில்தான் குளிர் கடுமை. எண்ணுவதற்கு ஒரு படம் வரைவார்கள்: பிளம் மரக்கிளையில் ஒன்பது பூ, பூவுக்கு ஒன்பது இதழ். நாளுக்கு ஒரு இதழுக்கு நிறம் தீட்ட, 81ஆவது இதழோடு வசந்தம் வந்துவிடும். படுக்கப் போகுமுன் ஒரு இதழ், அதன் பிறகு தொலைக்காட்சி இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி கடைசியில் வந்தபோது தாளை மடித்துக் கைப்பையில் கொண்டு வந்திருந்தார். நான்கு பூ நிறைந்துவிட்டது, ஐந்தாவதில் இரண்டு இதழ். சில இதழ்கள் ஊதா நிறம். அவை பேத்தி தீட்டியவை. இப்போது பத்து மணிக்குப் படுக்கிறாராம். நாடகத்தை மறுநாள் மத்தியானம் பார்க்கிறாராம்.

"அந்தப் பையை என்ன செய்தனீங்கள், அன்ரி?"

"கோஜிப் பழத்தை மட்டும் கஞ்சிக்குள்ள போட்டன். மிச்சம் அலுமாரிக்குள்ள கிடக்கு, பிள்ளை."